ஒரு இஞ்சு அசைஞ்ச கை

பேய்க்கெல்லாம் பயப்படுத ஆளு நான் இல்ல. பாளையங்கோட்டையில முப்பத்தோரு வருசம் ரேஷன் கடைக் கவுண்டர்ல நின்னவ. தீபாவளிக்கு முந்தின நாளு 'சீனி வரவில்லை'ன்னு போர்டு எழுதி மாட்டிட்டு, அந்தக் கூட்டத்துக்கு முன்னால தனியா நின்னு பாருங்க. அப்புறம் பேயெல்லாம் பச்சப்புள்ளை மாதிரித் தெரியும்.

அதனால, என் வீட்டுக்காரர் இசக்கிராஜ் செத்துப் பதினேழாம் நாளு சாயங்காலம் அவிய கை தன்னால அசைஞ்சப்போ நான் கத்தல. என்ன வேணும்னும் கேக்கல. எப்படிக் கேக்க? ஒம்பது வருசமா அவியளுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

கைன்னா நிசக் கை இல்ல, ஆஸ்பத்திரியில குடுத்த கை. கையுறைன்னு பேரு. உள்ள மெல்லிசாக் கம்பி ஓடும், விரல் நுனியில இருந்து முழங்கைக்கு மேல வரைக்கும் வரும். முடக்கு வாதத்துல விரல் வளைஞ்சு போனவங்களுக்கு அரசாங்கமே குடுக்கு. ராத்திரி கழட்டி, மூட்டுக்கு மூட்டு வளையுத பிளாஸ்டிக் கை மாதிரி ஒரு தாங்கி இருக்கு, அதுல மாட்டி வெச்சா சார்ஜ் ஏறிக்கிடும். அந்தத் தாங்கி எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசை ஓரத்துல, அவிய நாற்காலிக்குப் பக்கத்துல ஸ்குரூ போட்டு முறுக்கியிருக்கு. அவிய போன அன்னைக்கு யாரோ கையுறையைக் கழட்டி அதுல மாட்டினதோட சரி. யாரும் தொடல.

காரியம் முடிஞ்சு மக தாரணி ஓசூருக்குப் பஸ் ஏறிட்டா. நான் வழக்கம்போல மேசைக்கு எதிர்த்தாப்புல தரையில உக்காந்து, அருவாமணையில வெண்டைக்கா நறுக்கி முடிச்சு, "யம்மா, முருகா"ன்னு எந்திரிச்சேன். அப்பதான் அந்த வெறும் உறை மணிக்கட்டை லேசாத் திருப்பிக்கிட்டு ஒரு இஞ்சு முன்னால வந்துச்சு. டக்குனு நின்னுச்சு. திரும்பப் பழைய இடத்துக்கே போயிருச்சு.

கண்ணு மங்கலா இருக்கும்னு நெனச்சேன். மறுபடி உக்காந்து மறுபடி எந்திரிச்சேன். மறுபடி ஒரு இஞ்சு. அன்னைக்கு ஏழு தடவை உக்காந்து எந்திரிச்சேன். என் முட்டி இருக்க லட்சணத்துக்கு அது எவ்வளவு பெரிய கோட்டித்தனம்னு முட்டி வலிக்காரிக்குத்தான் தெரியும். ஏழு தடவையும் ஒரு இஞ்சு வந்துச்சு, ஏழு தடவையும் நின்னுச்சு.

ராவெல்லாம் தூக்கம் வரல. அந்த ஒரு இஞ்சுக்கு என்ன அர்த்தம்? 'சீ, போ அங்கிட்டு'ன்னு விரட்டுத கையும் முதல் இஞ்சுல அப்படித்தான் இருக்கும். 'வா'ன்னு கூப்பிடுத கையும் அப்படித்தான் இருக்கும். அதுக்கு மேல அசைஞ்சாத்தான எதுன்னு தெரியும்.

நாங்க ஏன் பேசலன்னு சொல்லிருதேன்.

தாரணி கல்யாணம். எல்லாருக்கும் மேசையில பந்தி. ஆனா சம்பந்தி வீட்டு வழக்கம், தாலி கட்டி முடிச்சதும் முதல் சாப்பாட்டை ரெண்டு வீட்டுக்காரங்களும் தரையில பாய் விரிச்சு எதிரெதிரா உக்காந்து சாப்பிடணும். உக்காந்தேன், சாப்பிட்டேன், எந்திரிக்க முடியல. ரெண்டு முட்டியும் பூட்டிக்கிடுச்சு. ஒரு கையைத் தரையில ஊனிக்கிட்டு மறு கையை, அதுக்குள்ள எந்திரிச்சு நின்ன அவிய பக்கம் நீட்டினேன். அவிய என் கையப் பாத்தாவ. பாத்துட்டு, தன் கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, சம்பந்தி பக்கம் திரும்பி, "கிரேனுக்குச் சொல்லி விடுங்க"ன்னாவ.

அறுபது பேரு சிரிச்சாவ. எச்சி இலை எடுக்க வந்த பொம்பளைதான் என்னைத் தூக்கிவிட்டா. நான் அவிய முகத்துக்கு நேராச் சொன்னேன், "இனி இந்த ஜென்மத்துல உங்க கையப் பிடிச்சு எந்திரிச்சேன்னா என் பேரு சண்முகவடிவு இல்ல." அதுதான் கடைசி.

பொறவு ஒரே வீட்டுல ஒம்பது வருசம். கேக்கிறவங்களுக்குச் சிரிப்பா இருக்கும். நான் சுவத்தப் பாத்து, "சோறு வெச்சிருக்கு, பசிச்சவங்க தின்னலாம்"பேன். அவிய ஜன்னலப் பாத்து, "ரசத்துல உப்பு தூக்கல்"ம்பாவ. கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் இருந்தா உப்பு ஜாடிக்கு அடியில வெச்சிருவாவ. நான் போட்டுத் திரும்ப அங்கேயே வெச்சிருவேன். சண்டைன்னு இல்ல பாத்துக்கிடுங்க. வீம்பு. யாரு முதல்ல வாயத் தொறக்கன்னு.

கல்யாணத்துக்கு அடுத்த வருசம் அவியளுக்கு வாதம்னு தெரிஞ்சுது. கூடப் போனேன், பேசத்தான் மாட்டேன். டாக்டரம்மா எனக்குத்தான் விளக்கினாவ. "உங்களுக்கு முட்டியில இருக்கது தேய்மானம்மா. எலும்புக்கு நடுவுல இருக்க மெத்தை வயசோட தேஞ்சிரும். சாருக்கு அது இல்ல. அவர் உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே சொந்த மூட்டைத் திருடன்னு நெனச்சுப் போட்டு அடிக்கான். ரெண்டு கையிலயும் ஒண்ணுபோல வரும். காலையில எந்திரிச்சதும் ஒரு மணி நேரம் விரல் மடங்காது."

அன்னையில இருந்து விடியக்காலம் அவிய எந்திரிக்க முந்தியே வெந்நீர் போட்டு, சட்டியில ஊத்தி, மேசையில வெச்சிருவேன். கையை முக்கிக்கிட்டு உக்காந்திருப்பாவ. 'யாருக்கு'ன்னு நான் சொன்னதில்ல, 'யாரு வெச்சா'ன்னு அவிய கேட்டதில்ல. அதுபோல மாசம் ஒரு தடவை உப்பு ஜாடி பக்கத்துல முட்டிக்குத் தேய்க்க எண்ணெய்க் குப்பி வந்து உக்காந்திருக்கும். நானும் எடுத்துத் தேச்சுக்கிடுவேன்.

ஆனா தரையில உக்காருததை மட்டும் விடல. நாற்காலி இருக்கு, மேசை இருக்கு, இருந்தும் அவிய கண்ணு முன்னால தரையில உக்காந்துதான் காய் நறுக்குவேன். கிரேன் இல்லாம எந்திரிக்கேன் பாருன்னு காட்டணும்லா. எந்திரிக்கும்போது மட்டும் சுவத்தப் பாத்துக்கிடுவேன். வலியில மூஞ்சி கோணுததை அவிய பாத்திரக் கூடாது. அதனால அவிய உயிரோட இருக்கையில அந்த ஒரு இஞ்சை நான் ஒரு தடவை கூடப் பாத்ததில்ல.

கையுறை வந்தது ஆறு வருசத்துக்கு முந்தி. அது வந்த பொறவுதான் அவியளுக்குக் காபி டம்ளரைத் தானாப் பிடிக்க முடிஞ்சுது, சட்டைப் பொத்தான் போட முடிஞ்சுது, கேரம் ஆட முடிஞ்சுது. சாயங்காலம் தனியா உக்காந்து தனக்கும் எதிராளிக்கும் சேத்து ஆடுவாவ. அப்படி ஆடிக்கிட்டு இருக்கும்போதுதான் மாரடைப்பு. நான் அடுப்படியில இருந்தேன். ஸ்டிரைக்கர் கீழ விழுந்து உருளுத சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான். அன்னைக்குக் காலையில கூட நெனச்சேன், இன்னைக்குப் பேசிரணும்னு. தினமும் நெனப்பேன். நெனப்புக்கு என்ன கொறச்சல்?

ஆஸ்பத்திரியில இருந்து தகவல் வந்துச்சு, வியாழக்கிழமை காலையில ஆளு வந்து கையுறையை எடுத்துக்கிடுவாங்க, அதுல பதிஞ்சிருக்க பழக்கமெல்லாம் அழிச்சு அடுத்த நோயாளிக்குக் குடுப்பாங்கன்னு. தர மாட்டேன்னு சொல்லிரணும்னு முடிவு பண்ணிட்டேன். அந்த ஒரு இஞ்சுக்கு அர்த்தம் தெரியாம அழிக்க விட்டா, மிச்ச நாளெல்லாம் நான் எப்படித் தூங்க?

வந்தது ஒரு பொம்பளை, பேரு ஜெசிந்தா. நாப்பது வயசிருக்கும், காலர் வெச்ச நீலச் சட்டை, தோள்ல ஒரு பை. உள்ள வந்ததும், "ஆச்சி, கையுறை எங்க இருக்கு?"ன்னா.

"அறுபத்தாறு வயசெல்லாம் ஆச்சியா? உக்காரு முதல்ல. காபி குடி."

"இன்னும் நாலு வீடு இருக்கும்மா."

"நாலு வீட்டுலயும் காபி தர மாட்டாவ. குடி."

குடிச்சா. நான் அவளைக் கவுண்டர்ல ஆளை எடை போடுத மாதிரி பாத்தேன். கறாரான ஆளு, ஆனா கல்லு இல்ல. அதனால சுத்தி வளைக்காம விசயத்தச் சொன்னேன். "ஏம்மா, போட்டிருக்க ஆளு போன பொறவும் அது அசையுமா?"

ஜெசிந்தா டம்ளரை வெச்சா. "அசையும்மா. நெறைய வீட்டுல கேப்பாங்க. பயந்துட்டீங்களா? வாதம் வந்த கை மெதுவாத்தான் வேலை செய்யும். மூளை சொல்லி, நரம்பு சொல்லி, விரல் மடங்கறதுக்குள்ள காபி ஆறிரும். அதனால இது ஆளோட பழக்கத்தைக் கத்துக்கிடும். டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டா, அவர் நெனைக்க முந்தியே விரலைத் தயாராக்கிரும். அவர் இல்லைன்னு அதுக்குத் தெரியாது. பழகின சத்தம் கேட்டா, பழகினதைச் செய்யப் பாக்கும்."

"அப்போ நான் எந்திரிக்கும்போது ஒரு இஞ்சு அசையுதே, அதுவும் பழக்கமா?"

"எந்திரிச்சுக் காட்டுங்க."

தரையில உக்காந்து எந்திரிச்சேன். யம்மா, முருகா. ஒரு இஞ்சு வந்துச்சு, நின்னுச்சு. ஜெசிந்தா புருவத்தை நெருக்கிக்கிட்டு, பையில இருந்து ஒரு பலகை மாதிரி கருவியை எடுத்து, கையுறையோட சேத்தா.

"இது என்ன அசைவுன்னு அதுல இருக்குமா?"ன்னேன். "போன்னு சொன்னாவளா, வான்னு சொன்னாவளான்னு மட்டும் பாத்துச் சொல்லு. பொறவு நீ எடுத்துட்டுப் போ, நான் ஒண்ணும் சொல்லல."

"நோயாளி விவரத்தை வெளிய சொல்லக் கூடாதும்மா."

"நான் வெளியவா? நாப்பது வருசம் குடும்பம் நடத்தினவ."

அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. பொறவு கருவியில என் விரல் ரேகையை வைக்கச் சொல்லி, பேரைச் சரி பாத்து, வாசிச்சா. முதல்ல வந்தது பழைய டாக்டர் குறிப்பு. "முதல் அறிகுறி எப்போ? மகள் திருமணத்துக்கு இரண்டு மாதம் முன்பு. டம்ளர் கையில் நிற்கவில்லை. யாராவது கையைப் பிடித்தால் உயிர் போகிற வலி. வீட்டில் சொல்லவில்லை, கல்யாண வேலை கெடும் என்று."

"மறுபடி வாசி"ன்னேன். மறுபடி வாசிச்சா. பாய் விரிச்ச பந்தி கண்ணு முன்னால வந்துச்சு. நான் நீட்டின கை. முதுகுக்குப் பின்னால போன அவிய கை. வலிக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? அறுபது பேருக்கு முன்னால பொண்டாட்டியைத் தூக்கிவிட முடியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டு, கிரேன்னு சொல்லிச் சிரிக்க வெச்சிட்டாவ. கூறுகெட்ட மனுசன்.

ஜெசிந்தா தள்ளிக்கிட்டே போயி ஒரு இடத்துல நிறுத்தினா. "இந்தா இருக்கும்மா. கை நீட்டல். உள்ளங்கை மேல் நோக்கி. நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு தடவை."

"நீட்டலா? விரட்டுததா?"

"விரட்டுததுக்கு இடுப்பு இறுகாதும்மா. ஒரு ஆளைத் தூக்கிவிடப் போறோம்னா கை அசைய முந்தியே தோளும் இடுப்பும் தயாராகும். மேல்கைக்கு வர அந்த இறுக்கத்தைக் கையுறை கண்டுபிடிச்சிருக்கு. இது ஆளைத் தூக்கிவிட நீட்டின கை. உங்களுக்குத்தான்."

நாலாயிரம் தடவை. நான் நாற்காலியில உக்காந்துட்டேன். சந்தோசமா வந்துச்சு, அடுத்த நிமிசமே ஆத்திரமா வந்துச்சு. "அப்போ ஏன் நீட்டல? நாலாயிரம் தடவை மனசு வந்து, நாலாயிரம் தடவையும் ஒரு இஞ்சுல வீம்பு வந்து நிறுத்திட்டாவளா? பாத்தியா அந்த மனுசன் வைராக்கியத்த."

ஜெசிந்தா கருவியில இன்னும் ரெண்டு வரி தள்ளிப் பாத்தா. பொறவு பைய சொன்னா. "நிறுத்தினது அவர் இல்லம்மா."

"பின்ன?"

"கையுறை. எல்லாக் கையுறையிலயும் ஒரு பூட்டு உண்டு. மூணு கிலோவுக்கு மேல எடை வரும்னு தெரிஞ்சா நீட்ட விடாது. வாதத்துல மூட்டுக் கூடு ஏற்கெனவே இத்துப் போயிருக்கும், ஆள் கனம் விழுந்தா விரல் இடம் பெயர்ந்திரும். நல்லதுக்குத்தான் வெச்சது. அவர் நீட்டினாரு. இது பிடிச்சு இழுத்திருச்சு. ஒவ்வொரு தடவையும்."

"கழட்டிட்டு நீட்டியிருக்கலாம்லா?"

"கழட்டினா அந்த விரல் விரியாதேம்மா."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா?"

ஜெசிந்தா என்னைப் பாத்தா. நீங்களும் தொறந்திருக்கலாமேன்னு அவ கேக்கல. கேட்டிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

"இன்னொண்ணும் இருக்கும்மா"ன்னா. "அஞ்சு வருசத்துக்கு முந்தி அவர் விண்ணப்பம் குடுத்திருக்காரு, இந்தப் பூட்டை எடுத்து விடச் சொல்லி. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. 'என் மனைவி தரையிலிருந்து எழும்போது கை கொடுக்க வேண்டும். விரல் போனாலும் சம்மதம்.'"

"பின்ன ஏன் எடுக்கல?"

"இதுல ஆபத்து இருக்கில்லையா, அதனால வீட்டுல இருக்க துணைவர் ஒப்புதல் கையெழுத்து வேணும். படிவத்தை வீட்டுக்குக் குடுத்து விட்டிருக்காங்க. திரும்பி வரலைன்னு கோப்பை முடிச்சிட்டாங்க."

மனுசங்க செவ்வாய்க் கிரகத்துக்குக் குடி போனாலும் நம்ம ஆஸ்பத்திரியில காகிதம் ஒழியாது. அந்தக் காகிதம் எனக்கு நினைவு வந்திருச்சு.

உப்பு ஜாடிக்கு அடியில இருந்துச்சு. மஞ்சள் தாளு. மேல ஆஸ்பத்திரிப் பேரு, கீழ 'துணைவர் கையெழுத்து'. அன்னைக்கு நான் எதுக்கோ கொதிச்சுப் போயிருந்தேன். நடுவுல என்ன எழுதியிருக்குன்னு பாக்கல. ஆஸ்பத்திரிக் காரியத்துக்குக் கூட வாயத் தொறந்து கேக்க மாட்டாவளோ, கேக்கட்டும், கேட்டாப் போடுதேன்னு நெனச்சேன். மேசைக்கால் ஒண்ணு குட்டை, ரொம்ப நாளா ஆடிக்கிட்டு இருந்துச்சு. அந்தத் தாளை எட்டா மடிச்சு அந்தக் காலுக்கு அடியில திணிச்சிட்டேன்.

அவிய அந்த மேசையிலதான் தினமும் சாப்பிட்டாவ, அந்த மேசையிலதான் கேரம் ஆடினாவ. மஞ்சத் தாளு காலுக்கு அடியில எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கத அஞ்சு வருசமும் பாத்திருப்பாவ. என் பதிலுன்னு நெனச்சிருப்பாவ. உன் கை எனக்கு வேண்டாம், மேசைக்குத்தான் ஆகும்னு நான் சொன்னதா நெனச்சிருப்பாவ. அதுக்குப் பொறவும் நீட்டியிருக்காவ. செத்த அன்னைக்கு வரைக்கும் நீட்டியிருக்காவ.

நான் அழுதேன். பதினாறு நாளும் ஊருக்காக அழுதது வேற, இது வேற. ஜெசிந்தா பாவம், என்ன செய்யன்னு தெரியாம காலி டம்ளரைக் கையில எடுத்து வெச்சுக்கிட்டு நின்னா.

பொறவு தரையில உக்காந்து, மேசைக்காலைத் தோளால தூக்கி, அந்தத் தாளை உருவினேன். மடிப்பெல்லாம் நைஞ்சு கிழியப் பாத்துச்சு. விரிச்சுத் தரையில வெச்சு, "பேனாக் குடு"ன்னேன்.

"எதுக்கும்மா?"

"கையெழுத்துப் போட. போட்டாப் பூட்டை எடுத்து விடணும்லா?"

"அவரு இப்போ இல்லையேம்மா."

"படிவத்துல கெடு தேதி போட்டிருக்கா?"

அவ குனிஞ்சு பாத்தா. "போடல."

"எங்க கடையில செத்தவன் பேரைக் கார்டுல இருந்து அடிக்கிறது வரைக்கும் அவன் பங்கு அரிசி அவனுக்குத்தான். அவிய பேரை அடிக்கத்தான நீ வந்திருக்க? இன்னும் அடிக்கலலா? அதுவரைக்கும் அவிய உங்க நோயாளிதான். எடுத்து விடு."

ஜெசிந்தா கொஞ்ச நேரம் வாசலைப் பாத்தா. மேலதிகாரி எவனும் வாசல்ல நிக்கலன்னு பாத்தாளோ என்னவோ. பொறவு பேனாவக் குடுத்தா. சண்முகவடிவுன்னு போட்டேன். அவ தாங்கிப் பக்கத்துல போயி, உறையோட முழங்கை மடிப்புல ஒரு சாவியைச் சொருகித் திருப்பினா.

"இப்போ எந்திரிங்கம்மா. எப்பவும் எந்திரிக்கிற மாதிரி."

இந்தத் தடவை நான் சுவத்தப் பாக்கல. மேசையப் பாத்துக்கிட்டு, ஒரு கையை ஊனி, "யம்மா, முருகா"ன்னேன்.

ஒரு இஞ்சு வந்துச்சு. நிக்கல. மணிக்கட்டு திரும்பி, முழங்கை விரிஞ்சு, மேசை விளிம்பைத் தாண்டி எனக்கு நேரா வந்துச்சு. உள்ளங்கை மேல பாத்துக்கிட்டு, கட்டைவிரல் விலகி, மத்த நாலும் சேந்து. அவிய விரல்தான். நடுவிரல் கொஞ்சம் தாழ்ந்து இருக்கும் அவியளுக்கு, அதுகூட அப்படியே இருந்துச்சு.

எந்திரிக்கத் தோணல. பாத்துக்கிட்டே தரையில உக்காந்திருந்தேன். "எவ்வளவு நேரம் இப்படி நீட்டிக்கிட்டு இருக்கும்?"

"தெரியலம்மா. டம்ளரை எடுக்கத் தெரியும், வைக்கத் தெரியும். இதுல தொடக்கம் மட்டும்தான் அது பழகியிருக்கு. ஒரு தடவையாவது நீங்க பிடிச்சிருந்தாத்தான் எப்போ கையைத் திரும்ப எடுக்கணும்னு கத்துக்கிட்டிருக்கும். சார்ஜ் இருக்க வரைக்கும் நீட்டிக்கிட்டேதான் இருக்கும்."

மதியம் வரைக்கும் அப்படியே வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்க ஆசைதான். ஒரு வருசம் வெச்சுப் பாக்கவும் ஆசைதான். "அடுத்து இது யாருக்குப் போகுது?"ன்னு கேட்டேன்.

"சங்கரன்கோவில் பக்கம் ஒரு பொண்ணும்மா, முப்பத்தி நாலு வயசு. இதே வாதம்தான். மகளுக்குச் சடை பின்ன முடியல. ரெண்டு வருசமா வரிசையில நிக்கா."

வரிசையில நிக்கவங்களைக் காக்க வைக்கக் கூடாது. முப்பத்தோரு வருசம் நான் படிச்ச ஒரே பாடம் அதுதான்.

"எடுத்துட்டுப் போ. எல்லாத்தையும் அழிச்சிரு. ஆனா அவ வீட்டுக்குப் போயி மாட்டும்போது, அந்தப் பூட்டைப் பத்தி அவகிட்ட மட்டும் சொல்லிட்டு வந்திராத. அவ புருசனக் கூப்பிடு, புள்ளையக் கூப்பிடு, உக்கார வெச்சுச் சொல்லு. கை ஒரு இஞ்சு வந்து நின்னா, நிறுத்தினது அவ இல்லன்னு சொல்லு. கேட்டியா?"

"சொல்லுதேம்மா"ன்னா ஜெசிந்தா.

"உன் வாயாலயே சொல்லணும். காகிதத்துல எழுதிக் குடுத்துட்டு வந்திராத."

பொறவு நான் என் வலது கையைக் கொண்டுபோயி அந்தக் கையில வெச்சேன். விரல் நாலும் பைய மடங்கி என் கையப் பிடிச்சுது. ஒம்பது வருசம். இடது கையைத் தரையில நல்லா ஊனினேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு மொத்தக் கனத்தையும் ரெண்டு முட்டியில ஏத்தினேன். முட்டி கறகறன்னுது, கண்ணுல தண்ணி வந்துச்சு. சபதம் போட்ட சண்முகவடிவு அவிய கையப் பிடிச்சுக்கிட்டேதான் எந்திரிச்சா, ஆனா அந்தக் கை மேல ஒரு மல்லிப்பூக் கனம் கூடப் போடல.

"கனத்தைப் போடலாம்மா. பூட்டைத்தான் எடுத்தாச்சே, அது தாங்கும்"ன்னா ஜெசிந்தா.

அது தாங்கும். அவிய தாங்க மாட்டாவ. லேசாப் பிடிச்சாலே உயிர் போகும்னு எழுதியிருந்துச்சுலா. நான் நின்னுக்கிட்டு, பிடிச்ச கையை விடாம, சுவத்தையும் பாக்காம ஜன்னலையும் பாக்காம, அவிய உக்காருத நாற்காலிக்கு நேராக் கேட்டேன்.

"ஏங்க, வலிக்கா?"